அமெரிக்கப் பள்ளிக்கூடமும் பிரித்தானியப் பல்கலைக்கழகமும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, எப்பொருள்பற்றி எழுதுவதென நாம் நெடுநேரம் சிந்திக்க வேண்டியிருக்கவில்லை. விழாவையொட்டிக் கடல்கடந்து வந்து உடுவிலிலே தங்கியிருக்கும் பழைய மாணவர்கள் ஆசிரியர்களின் சுகம் விசாரித்து, அயலட்டைப் புதினங்களைக் கேட்டு முடித்தபின், விறாந்தையிலே அமர்ந்து எம்மிடம் வினவும் வினா ஒன்றுண்டு. அமெரிக்காவிற் குடியேறியவர்களே இதனைப் பெரிதும் வினவுகின்றனர். "பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறான். அங்கேயே பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதா? அல்லது இங்கிலாந்துக்கு விண்ணப்பிப்பதா? அங்கே மூன்று வருடத்திற் பட்டம் முடிந்துவிடுமாமே!"

அதே விறாந்தையின் மறுகோடியில் அவருடைய தமையனாரின் மகன் நிற்கின்றான். அவன் இவ்வூர்ப் பிள்ளை. க. பொ. த. சாதாரணதரத்திற் சித்தியெய்தி, உயர்தர வகுப்பிற் கணிதம் எடுப்பதா, உயிரியல் எடுப்பதா, கலை எடுப்பதா என்று மயங்கி நிற்பவன். இவ்விரு பிள்ளைகளுக்கும் முன்னே கிடக்கும் வினா ஒன்றே என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடுவிலுக்கு இவ்வினா புதிதன்று. 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்திலே தங்கள் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையிலே டானியேல் பூவர் அவர்களின் தலைமையிற் செமினரி தோன்றியது. 1824இல் உடுவிலிலே ஹரியட் வின்சிலோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பள்ளிக்கூடத்தை நிறுவினார். வட்டுக்கோட்டைச் செமினரி அக்காலத்து நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளின் போக்கைத் தழுவியது. ஒரே மாணவன் ஆங்கிலமும் தமிழும் கற்றான். கணிதமும் வானியலும் கற்றான். தத்துவமும் வடமொழியும் கற்றான். ஒரு துறையை மாத்திரம் பற்றிக்கொண்டு பிறவற்றை விட்டுவிடுதல் அங்கே வழக்கமன்று.

ஆனால் நாட்டை ஆண்டவர்கள் அமெரிக்கர் அல்லர், பிரித்தானியர். ஆதலின் அமெரிக்க முறையிற் கற்ற எம்மவர் பட்டம்பெற விரும்பியபோது பிரித்தானிய முறையில் அமைந்த பரீட்சை மண்டபத்தையே நாட வேண்டியதாயிற்று. 1857ஆம் ஆண்டில் இலண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டு சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டது. அவ்வாண்டு நடந்த முதற் பீ. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தி, அச்சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் என்னும் பெயரைப் பெற்றவர் இருவர். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்ற யாழ்ப்பாணத்தவர். அமெரிக்க முறையிற் கற்ற மாணவன் பிரித்தானிய முறைப் பட்டத்துக்குத் தகுதியுடையவனா என்று இன்று கேட்போருக்கு, அவ்விருவரும் அன்றே விடையளித்துவிட்டனர். பரந்த கல்வி வீண்போவதில்லை. பிற்காலத்திலே தாமோதரம்பிள்ளை அவர்கள் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்து தமிழுலகின் நன்றிக்குரியவரானதும் நாம் அறிந்ததே.

மறுபுறத்தையும் மறத்தலாகாது. 1858இல் இலண்டன் சர்வகலாசாலை தன் பரீட்சைகளை வெளிமாணவருக்கும் திறந்துவிட்டது. அதன்பின் இலண்டன் பரீட்சைகளும் கேம்பிரிட்ஜ்ப் பரீட்சைகளும் காலப்போக்கில் இலங்கைப் பள்ளிக்கூடங்களின் பாடத்திட்டத்தையே வகுத்தன. சைவத்தையும் தமிழையும் பேணுதற்கென எழுந்த இந்துக் கல்லூரிகளும் தம் மாணவரை அப்பரீட்சைகளுக்கே ஆயத்தஞ் செய்தன. அதனால் விளைந்த நன்மை பெரிது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கிய மயில்வாகனனார், பின்னர் சுவாமி விபுலாநந்தர் என உலகு போற்றிய பெரியார், இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தை வெளிமாணவராகவே பெற்றவர்; மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டத்தையும் பெற்றவர். எனினும், கடலுக்கப்பால் இருந்தோர் வகுத்த பாடத்திட்டத்தில் எமது மொழிக்கும் வரலாற்றுக்கும் கிடைத்த இடம் சிறிது. கேம்பிரிட்ஜிலே பயின்ற சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களே 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின்மூலம் இந்நாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமெனக் கிளர்ச்சி செய்தார். 1921இற் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின.

ஆயினும் பிரித்தானிய அச்சு எம்மைவிட்டு அகலவில்லை. பதினாறு வயதில் ஒரு துறையைத் தெரிந்து, மூன்று பாடங்களை மாத்திரம் ஆழமாகக் கற்று, ஒரு பெரும் பரீட்சையின் பெறுபேற்றைக்கொண்டு பல்கலைக்கழகம் புகும் எமது உயர்தர முறை அந்த அச்சில் வார்க்கப்பட்டதே. ஆகவே உடுவிற் பையனுக்குப் பிரித்தானியாவைக் காணாமலே அதன் கல்விமுறை பழக்கமானது. அமெரிக்காவில் வளரும் அவனுடைய சித்தப்பா மகனுக்கோ அது முற்றிலும் புதிது.

இனி, இருமுறைகளின் வேறுபாட்டை விளக்குவாம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் செல்லும். முதலிரு ஆண்டுகளில் மாணவன் இலக்கியம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு எனப் பல துறைகளையும் சுவைத்துப் பார்க்கலாம். பெரும்பாலான கல்லூரிகளிலே இரண்டாம் ஆண்டின் முடிவில்தான் தன் முதன்மைப் பாடம் இன்னதென அவன் அறிவித்தல் வேண்டும். பௌதிகம் கற்க நுழைந்தவன் பொருளியற் பட்டதாரியாக வெளியேறுதல் அங்கே வியப்பன்று.

இங்கிலாந்திலோ மாணவன் பல்கலைக்கழகத்துக்கு மாத்திரம் விண்ணப்பிப்பதில்லை. பல்கலைக்கழகத்தின் ஒரு குறித்த பாடநெறிக்கே விண்ணப்பிக்கின்றான். வரலாற்றுக்கு விண்ணப்பித்தவன் முதல் நாளிலிருந்தே வரலாறு கற்பான், மூன்றாண்டில் முடித்துவிடுவான். எமது பல்கலைக்கழகங்களிலே சிறப்புப் பட்டம், பொதுப் பட்டம் என இரண்டு உளவல்லவா? இங்கிலாந்தின் பட்டம் முதல் நாளிலேயே தொடங்கும் சிறப்புப் பட்டம் போன்றது எனலாம். இடையிலே மனம் மாறினால் வேறு பாடநெறிக்குத் தாவுதல் எளிதன்று. பெரும்பாலும் முதலாண்டிலிருந்து மீளத் தொடங்க வேண்டிவரும். மூன்று ஆண்டு என்ற இலாபம் அவ்விடத்திலே மறைந்துபோம்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்றும் உண்டு. அது ஸ்கொத்லாந்தின் வழி. அங்கே சிறப்புப் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் வேண்டும். முதலிரு ஆண்டுகளிற் பல பாடங்களைச் சேர்த்துக் கற்க இடமுண்டு. 1413இல் தோன்றிய சென் அன்ட்ரூஸ், 1451இல் தோன்றிய கிளாஸ்கோ, 1495இல் தோன்றிய அபடீன், 1583இல் தோன்றிய எடின்பரோ ஆகிய நான்கும் அந்நாட்டின் தொன்மையான பல்கலைக்கழகங்கள். அமெரிக்க மாணவர் அவற்றை நாடுதலும் இன்று நேற்று உண்டான வழக்கமன்று. 1765இற் பிலடெல்பியாவிலே அமெரிக்காவின் முதல் வைத்தியக் கல்லூரியை நிறுவிய ஜோன் மோர்கன் எடின்பரோவிலே பயின்றவர். துறையை ஓரளவு அறிந்தும் முற்றாகத் தெளியாத பிள்ளைக்கு இவ்வழி பொருந்தக்கூடும்.

விண்ணப்ப முறையிலும் வேற்றுமை பல. அமெரிக்காவில் கல்லூரிகள் பல தனித்தனிக் கட்டுரைகளைக் கேட்கும். மாணவன் விளையாடிய விளையாட்டு, மீட்டிய வீணை, செய்த தொண்டு, வளர்ந்த குடும்பம் எல்லாவற்றையும் நோக்கும். இவன் எத்தகைய பிள்ளை என்பதே அவர்களின் வினா. பிரித்தானியாவில் யூகாஸ் எனப்படும் பொது நிலையத்தினூடாக ஒரே விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகள் வரை செய்யலாம். வைத்தியம், பல் வைத்தியம், மிருக வைத்தியம் ஆகியவற்றுக்கு அவ்வைந்தில் நான்கே உரியன. ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பித்தல் பொதுவாக இயலாது. அவ்விரண்டுக்கும், பெரும்பாலான வைத்தியப் பாடநெறிகளுக்கும் முடிவு நாள் ஒக்டோபர் 15. ஏனையவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு ஜனவரி நடுப்பகுதி.

மாணவன் தன்னைப்பற்றி எழுதும் கூற்றும் ஒன்றே; ஐந்து இடங்களுக்கும் அதுவே செல்லும். 2026ஆம் ஆண்டு அனுமதியிலிருந்து அது மூன்று வினாக்களுக்கான விடையாக அமைகின்றது: இப்பாடத்தை ஏன் கற்க விரும்புகின்றாய்? உன் படிப்பு அதற்கு உன்னை எவ்வாறு ஆயத்தஞ் செய்தது? பள்ளிக்கு வெளியே அதன்பொருட்டு என்ன செய்தாய்? மூன்று வினாக்களும் பாடத்தையே சுற்றிவருதலை வாசகர் கவனிப்பாராக. இப்பாடத்தை இவன் விரும்பிக் கற்பானா என்பதே அவர்களின் வினா. உதைபந்தாட்ட அணித்தலைவனாக இருந்தமையைப் பக்கம்பக்கமாக எழுதும் அமெரிக்கப் பிள்ளை, தான் எந்நூல்களை வாசித்தான், அவை அவனுள்ளே எவ்வையங்களை எழுப்பின என்பதை எழுத மறந்தால் விண்ணப்பம் வலிவிழந்துவிடும். அன்றியும் ஐந்து தெரிவுகளிலும் ஐந்து வெவ்வேறு துறைகளை இட்டால், ஒரே கூற்று எதற்கும் பொருந்தாது போகும்.

தகுதி பற்றியும் தெளிவு வேண்டும். அமெரிக்கப் பள்ளிச் சான்றிதழ் ஒன்றே பெரும்பாலான முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்குப் போதாது. அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் எனப்படும் உயர்நிலைத் தேர்வுகள் மூன்றோ அதற்கு மேலோ எழுதி, ஐந்து புள்ளிக்கு நான்கு அல்லது ஐந்து பெறுதல் வேண்டும். அவற்றுள் கற்கவிரும்பும் துறைக்குரிய பாடங்களும் இருத்தல் வேண்டும். எந்திரவியல் கற்க விரும்புவோன் கணிதத்தையும் பௌதிகத்தையும் விட்டுவிட்டு வேறு மூன்றிற் சிறந்த புள்ளி பெற்றும் பயனில்லை. எனவே பிரித்தானியாவை நாடும் பிள்ளை பள்ளியின் கடைசி ஆண்டில் அல்ல, அதற்கும் ஓரிரு ஆண்டுகள் முன்னரே தன் பாடங்களை அமைத்துக்கொள்ள வேண்டும். பள்ளியிறுதியிலிருந்து விண்ணப்பிப்போருக்கு அனுமதியும் பெரும்பாலும் நிபந்தனையுடனேயே வரும். குறித்த புள்ளிகள் பெற்றால் இடமுண்டு என்பார்கள். அமெரிக்கக் கல்லூரிகளோ வழக்கமாக மே மாத முதல் நாளுக்குள் முடிவைக் கேட்கும். தேர்வுப் பெறுபேறு வருவது ஜூலையில். இடைப்பட்ட இரண்டு மாதமும் குடும்பத்தார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதே.

கற்பிக்கும் முறையும் வேறு. பிரித்தானியாவில் வகுப்பு நேரம் குறைவு. தானாக வாசிக்கும் நேரம் கூடுதல். வாரந்தோறும் சிறு பரீட்சையும் வீட்டுவேலையும் தந்து மாணவனை உந்திச் செல்லும் அமெரிக்கப் பழக்கம் அங்கே அரிது. ஆண்டிறுதிப் பரீட்சையும் நீண்ட கட்டுரைகளுமே பட்டத்தின் தரத்தைப் பெரிதும் நிச்சயிக்கின்றன. பாடத்தில் விருப்புள்ளவனுக்கு அது சுதந்திரம். விருப்பில்லாதவனுக்கு அது தனிமை.

பணத்தைப் பற்றிப் பேசாத கல்விப் பேச்சு எமது வீடுகளில் இல்லை. இங்கிலாந்திலே உள்நாட்டு மாணவரின் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு விதித்துள்ளது. 2025–26ஆம் கல்வியாண்டில் அது 9,535 பவுண். வெளிநாட்டு மாணவருக்கு அவ்வரம்பு இல்லை. அவர்கள் செலுத்துவது அதனினும் பன்மடங்காதல் உண்டு. இவ்விடத்தில் எம்மவர் பலர் ஒரு தவறான எண்ணம் கொண்டுள்ளனர். இலண்டனிலே உறவினர் இருப்பதனாலோ, பிள்ளையிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருப்பதனாலோ உள்நாட்டுக் கட்டணம் கிடைத்துவிடாது. பாடநெறி தொடங்குமுன் மூன்று ஆண்டுகள் அங்கே வழக்கமாக வசித்திருத்தல் பொதுவிதி. விசாக் கட்டணமும், ஆண்டொன்றுக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணமும் வேறு. அமெரிக்க நடுவணரசின் கல்விக்கடனைப் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிற் பயன்படுத்தலாம். ஆனால் வறிய மாணவருக்கு அவ்வரசு வழங்கும் பெல் நன்கொடையை அங்கே பயன்படுத்த இயலாது. அன்றியும் செல்வமிக்க அமெரிக்கக் கல்லூரிகள் சில, குடும்ப வருமானத்தை நோக்கிப் பெருந்தொகையை உதவியாகத் தருவதுண்டு. ஆகவே அச்சிட்ட கட்டணத்தை அச்சிட்ட கட்டணத்தோடு ஒப்பிடாது, உதவிபோகக் கையாற் கொடுக்கவேண்டிய தொகையை நான்காண்டுக்கும் மூன்றாண்டுக்கும் கணக்கிட்டு ஒப்பிடுதலே அறிவுடைமை.

வைத்தியப் படிப்புப்பற்றித் தனியே சொல்லுதல் அவசியம். அமெரிக்காவில் முதலில் நான்காண்டுப் பட்டம், பின்னர் நான்காண்டு வைத்தியக் கல்லூரி. பிரித்தானியாவிலோ பள்ளியிலிருந்து நேரே புகுந்து ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளில் வைத்தியராகலாம். பிள்ளையை வைத்தியராக்க விரும்பும் எமது தந்தைமாருக்கு இது குறுக்குவழியாகத் தோன்றுதல் இயல்பு. ஆனால் வெளிநாட்டவருக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் மிகச் சில. பட்டம்பெற்று அமெரிக்காவுக்கு மீள்வோர் அங்கு வெளிநாட்டுப் பட்டதாரி என்ற வரிசையிலே நின்று, உரிமத் தேர்வுகளை எழுதி, வைத்தியசாலைப் பயிற்சியிடத்துக்குப் போட்டியிட வேண்டும். சட்டப் பட்டத்தின் நிலையும் இத்தகையதே. அதனை ஏற்கும் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. போகும் வழியை விசாரிப்பவர் திரும்பும் வழியையும் விசாரித்தல் வேண்டும்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றை இங்கே பெயர் சொல்லாது குறிப்பிடுவோம். தந்தையார் பழைய மாணவர். அமெரிக்காவில் நல்ல தொழில் பார்ப்பவர். மூன்றாண்டிற் பட்டம் என்றதும், வேலை கிடைக்கும் துறையொன்றைத் தாமே தெரிந்து மகனை அனுப்பிவைத்தார். பையன் கெட்டிக்காரன், முதலாண்டில் சித்தியெய்தினான். இரண்டாம் ஆண்டின் நடுவிலே, தனக்கு அத்துறையில் மனமில்லை என்று வீட்டுக்கு எழுதினான். அங்கே துறை மாற்ற இயலவில்லை. அமெரிக்காவுக்கு மீண்டு, தொடக்கத்திலிருந்து தொடங்கினான். இன்று நலமாகவே இருக்கின்றான். சென்ற விடுமுறையில் வந்த தந்தையார் எம்மிடம் சொன்னது ஒரு வசனமே: "காசு போனது போகட்டும், மாஸ்டர். எல்லாரையும் கேட்டன், அவனை மட்டும் கேக்கேல்லை."

இதுவே நாம் சொல்லவந்ததன் சாரம். அமெரிக்க முறை சிறந்ததா, பிரித்தானிய முறை சிறந்ததா என்னும் வினாவுக்குப் பொது விடை இல்லை. இரண்டும் ஆன்றோரை உருவாக்கியுள்ளன. வேறுபாடு தெரிவுசெய்யும் காலத்திலேதான் இருக்கின்றது. பிரித்தானிய முறை, உன் துறை எது என்பதைப் பதினேழு வயதிற் கேட்கின்றது. அமெரிக்க முறை இருபதுவரை பொறுத்திருக்கின்றது. தன் துறையைத் தெளிந்த பிள்ளைக்கு அப்பொறுத்திருத்தல் காலவிரயமாகலாம். தெளியாத பிள்ளைக்கு அவசரத் தெரிவு பெருநட்டமாகலாம். எனவே பல்கலைக்கழகங்களின் தரவரிசையை ஆராயுமுன், பிள்ளையிடம் மூன்று வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். பரீட்சைக்கு வேண்டாத நூல் எதனையாவது இத்துறையில் நீயாக வாசித்தாயா? மூன்றாண்டும் இதனையன்றி வேறெதுவும் கற்கக் கிடையாதென்றால் மனம் மகிழுமா, சோருமா? அயலவரும் உறவினரும் அறியமாட்டார் என்றாலும் இதனையே தெரிவாயா? மூன்றுக்கும் தயங்காது விடை வருமாயின் இங்கிலாந்துக்கு விண்ணப்பிக்கலாம். ஓரளவு தயங்கின் ஸ்கொத்லாந்தை நோக்கலாம். மௌனமே விடையாயின், அப்பிள்ளையை அமெரிக்கக் கல்லூரியிலே சில காலம் தேடவிடுதலே நன்று. தேடுதல் குற்றமன்று.

விறாந்தையின் மறுகோடியில் நிற்கும் உடுவிற் பிள்ளையை நாம் மறக்கவில்லை. அவனுக்கு இருபதுவரை பொறுத்திருக்கும் வாய்ப்பில்லை, பதினாறிலே தெரியவேண்டியவன். அவனுக்கு இம்மூன்று வினாக்களும் இன்னும் அவசியம். ஆசிரியர்களும் பெற்றோரும் அவனுடைய புள்ளிகளை மாத்திரம் நோக்காது, அவன் மனத்தையும் நோக்குவாராக. கடல்கடந்து வாழும் பழைய மாணவர்கள் விழாவுக்கு வரும்போது, தங்கள் தொழில்கள் உண்மையில் எத்தகையன என்பதைக் கல்லூரி மண்டபத்திலே ஒரு மணிநேரம் இவர்களுக்கு எடுத்துரைப்பின், அது கட்டடநிதிக்குக் கொடுக்கும் நன்கொடையினுங் குறைந்ததன்று.

எமது தலைமுறை பிறர் வகுத்த பரீட்சைகளுக்கு அமைந்து நடந்தது. எமது பிள்ளைகளுக்கோ முறைகளையே தெரிந்தெடுக்கும் பேறு கிட்டியுள்ளது. அப்பேற்றை அவர்களைக் கேட்டே பயன்படுத்துவோமாக.